பனியன் பொய் சொல்லாது

கறைக்காரம்மா தன் புருஷன் இஸ்திரிக்காரரிடம் ஒரு கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை. எங்கே போனீங்க, என்ன சாப்பிட்டீங்க, யாரோட சண்டை என்று மற்ற வீடுகளில் நடக்கிற விசாரணை எதுவும் அந்த வீட்டில் கிடையாது. மனுஷன் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டால் போதும். அந்த அம்மாள் அதை எடுத்துக் காலரைப் பிரித்துப் பார்ப்பார், முழங்கையைத் திருப்பிப் பார்ப்பார், ஒருமுறை முகர்ந்து பார்ப்பார். "மூலைக்கடையில ரெண்டு டீ. அப்புறம் சைக்கிள் கடைக்காரனோட அரட்டை. அவன் தோள்ல கை போட்டுப் பேசினான்" என்று தீர்ப்பு வந்துவிடும். தோளில் கிரீஸ் இருக்கும். இஸ்திரிக்காரர் மறுத்துப் பேசமாட்டார். அவருக்கும் வாயைத் திறக்கிற வேலை மிச்சம்.

அவர்களுடைய சலவைக்கூடத்துக்கு மேலே மாடி அறையில் நான் வாடகைக்கு இருந்தேன். கீழே பாய்லர் எரிந்தால் மேலே என் தரை சுடும். குளிர் நாட்களில் அது சொர்க்கம், மற்ற நாட்களில் செருப்போடுதான் அறைக்குள் நடக்க வேண்டும். கீழே இரண்டு பெரிய துவைப்பு டிரம், ஒரு பிழியும் இயந்திரம், சுவரோரம் கல் தொட்டி, நடுவில் கம்பளி விரித்த நீளமான இஸ்திரி மேஜை. டிரம்கள் மச்சினன் வசம். மச்சினன் என்றால் இஸ்திரிக்காரருக்கு மச்சினன், அந்த அம்மாளுக்குத் தம்பி. வேனில் போய் அழுக்குத் துணி எடுத்துவருவதும், வெளுத்ததைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் அவன்தான். கை வேலை செய்கிறதோ இல்லையோ, வாய் ஓயாமல் வேலை செய்யும்.

கறை எடுப்பது அவன் அக்கா, அதனால்தான் தெருவுக்கே அவர் கறைக்காரம்மா. மை, தார், ரத்தம், காபி, வீட்டுக்காரிக்குத் தெரியக்கூடாத உதட்டுச் சாயம் என்று தெருவே அவரிடம் வந்து நிற்கும். சட்டையைக் கையில் வாங்கியதுமே கறையின் வயது என்ன, எந்த வழியாக வந்தது, யார் மறைக்கப் பார்த்தார்கள் என்பதுவரை சொல்லிவிடுவார். "மனுஷன் பொய் சொல்லுவான், துணி சொல்லாது" என்பது அவர் அடிக்கடி சொல்கிற வாசகம். அதைக் கேட்டு எத்தனையோ ஆண்கள் தங்கள் சட்டையைத் தாங்களே துவைக்கக் கற்றுக்கொண்டார்கள்.

இஸ்திரிக்காரர் வெள்ளையைத் தவிர வேறு துணியைத் தொடமாட்டார். விடுதியின் படுக்கை விரிப்பு, தலையணை உறை, பெரிய ஆஸ்பத்திரியின் டாக்டர் கோட்டு, இவ்வளவுதான் அவர் உலகம். கலர்த் துணி என்றால் மச்சினன் பக்கம் தள்ளிவிடுவார். "கலர்ல எவன் போட்டாலும் மடிப்பு மறைஞ்சிடும் மாப்ள. வெள்ளைதான் ஆளைக் காட்டிக்கொடுக்கும்" என்பார். ஒரு நாளில் அவர் பேசுகிற மொத்தப் பேச்சே அநேகமாக அதுதான்.

இப்படிப்பட்ட மனுஷனுக்கு வயிறு கெட்டது. முதலில் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள், பிறகு தண்ணீர் சரியில்லை என்றார்கள். இஸ்திரி போட்டுக்கொண்டே இருப்பார், திடீரென்று பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் ஓடுவார். கொல்லையில் இருந்த ஒரே கழிவறை எனக்கும் சேர்த்துத்தான். பெட்டியை நிமிர்த்தி வைக்கிற 'டக்' சத்தம் கேட்டால், இறங்கிக்கொண்டிருக்கிற நான் மாடிப்படியில் அப்படியே நின்றுவிடுவேன். போட்டி போட்டுப் பிரயோஜனம் இல்லை. அவர் ஓட்டத்துக்கு முன்னால் நான் எம்மாத்திரம்.

ரத்தம் போனதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. துணி சொல்லிவிட்டது. கறைக்காரம்மா அன்று டிரம் இரண்டையும் நிறுத்தச் சொல்லிவிட்டு அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார். குழாய் விட்டுப் பார்த்தார்கள். பெருங்குடல் நெடுக வீக்கம், புண். முழுசாக விட்டுப் போகிற வியாதி இல்லை, மருந்தால் கட்டுக்குள் வைக்கலாம் என்றார் டாக்டரம்மா. சட்டைப் பொத்தான் அளவில் மஞ்சள் மாத்திரைகளை எழுதிக்கொடுத்தார். கொடுக்கும்போது சொன்னதை, எல்லாம் நடந்து முடிந்த பிறகு எல்லார் வாயாலும் பலமுறை கேட்டுவிட்டதால் எனக்கு மனப்பாடம்.

"இந்த மாத்திரையில சிறுநீர், வேர்வை எல்லாம் மஞ்சளா, ஆரஞ்சா வரலாம். அதுக்குப் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது வேற. காய்ச்சல், தொண்டைவலி, வாய்ப்புண் இதுல எது வந்தாலும் மாத்திரையை நிறுத்திட்டு அன்னைக்கே இங்க வந்துடணும். சில பேருக்கு ரத்த அணுக்கள் சட்டுன்னு இறங்கிடும், அது உயிருக்கே ஆபத்து. ரத்தப் பரிசோதனைக்கும் தவறாம வாங்க."

இதைக் கேட்க வேண்டியவர் இஸ்திரிக்காரர். எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் கழிவறை எந்தப் பக்கம் என்று பார்த்து வைத்துக்கொள்வது அப்போது அவருக்கு வழக்கமாகியிருந்தது. அவர் கவனமெல்லாம் வராந்தாக் கோடியில் இருந்த ஒரு கதவின் மேல். கேட்டுக்கொள்ள வேண்டிய இன்னொருவர் கறைக்காரம்மா. அவர் காது 'வேர்வை மஞ்சளா வரலாம்' என்ற இடத்தில் நின்றுபோனது. எந்த மஞ்சள், எண்ணெயில் கரையுமா, தண்ணீரில் கரையுமா, வெயிலில் போகுமா என்று மனசு தொட்டிக்கு ஓடிவிட்டது. உயிருக்கே ஆபத்து என்பதெல்லாம் இந்தக் காதில் நுழைந்து அந்தக் காதில் போய்விட்டது.

மாத்திரை என்னவோ நன்றாகத்தான் கேட்டது. பெட்டியை நிமிர்த்தி வைக்கிற சத்தம் குறைந்தது. மனுஷன் வறுத்த மீனைத் தொட்டார், இரண்டாம் முறை சோறு கேட்டார். முதல் ரத்தப் பரிசோதனையும் சரியாகவே வந்தது. அடுத்ததற்குப் போக வேண்டிய நாளில் விடுதியில் ஏகப்பட்ட கூட்டம், மலைபோல விரிப்புகள் வந்து இறங்கிவிட்டன. அதுதான் நல்லா இருக்காரே, அப்புறம் பார்த்துக்கலாம் என்றார்கள். நல்லாத்தான் இருந்தார்.

பிறகு ஒரு நாள் காலையில் விடுதி மேனேஜர் வந்தார். அவர் சத்தம் போடமாட்டார். மரியாதையாகப் பேசியே மனுஷனைக் கொன்றுவிடுவார். மேஜை மேல் ஒரு தலையணை உறையை விரித்தார்.

"இது என்னங்க?"

"தலையணை உறை" என்றான் மச்சினன்.

"அது எனக்கும் தெரியும் தம்பி. பத்து வருஷமா விடுதி நடத்துறேன். அது மேல இருக்கிறது என்ன?"

வெள்ளை உறையில் வரிசையாக மஞ்சள் பொட்டுகள்.

"உங்க ஆளுங்க யாராவது ஆரஞ்சு ஜூஸ் குடிச்சிருப்பாங்க."

"இங்க வரும்போது இல்லை, திரும்பி வரும்போது இருக்கு. அப்ப ஜூஸ் குடிச்சது உங்க டிரம்னு ஆகுது."

மச்சினன் சோப்பைக் குறை சொன்னான், குழாய்த் துருவைக் குறை சொன்னான், தெருவில் பெயின்ட் அடிப்பவர்களைக் குறை சொன்னான். கறைக்காரம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். உறையை ஜன்னலுக்குக் கொண்டுபோனார். பொட்டுகள் ஒரே இடைவெளியில் இருந்தன. திரும்பி மேஜையைப் பார்த்தார். இஸ்திரிக்காரர் பெட்டியைத் தள்ளுகிறார், தள்ளி முடிகிற இடத்தில் குனிகிறார், தாடையிலிருந்து ஒரு சொட்டு விழுகிறது, அடுத்த தள்ளலில் சூடான பெட்டி அதன் மேல் ஏறிப்போகிறது. அம்மாள் ஒரு வெள்ளைத் துண்டை எடுத்துவந்து புருஷனின் தாடையைத் துடைத்தார். துண்டில் மஞ்சள்.

ஊருக்கெல்லாம் சொல்லுகிற பல்லி கழனிப்பானையில் விழுந்தது என்பார்களே, அந்தக் கதைதான். ஊர்க்கறையெல்லாம் எடுத்தவர் வீட்டுக்குள்ளிருந்தே கறை சொட்டிக்கொண்டிருந்தது. மேனேஜர் துண்டைப் பார்த்தார், இஸ்திரிக்காரரைப் பார்த்தார், தன் வெள்ளைச் சட்டையை ஒரு அடி பின்னால் நகர்த்திக்கொண்டார்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் மஞ்சளுக்கு எதிரான போர் தொடங்கியது. இஸ்திரிக்காரரின் நெற்றியில் ஒரு துண்டு, கழுத்தில் ஒரு துண்டு, இரண்டு மணிக்கட்டிலும் கிழிந்த துவாலையில் தைத்த பட்டைகள். குத்துச்சண்டைக்குக் கிளம்பினவர் மாதிரி மேஜை முன்னால் நிற்பார். மச்சினன் ஒரு மின்விசிறியைக் கொண்டுவந்து அவர் முகத்துக்கு நேரே வைத்தான். துணியெல்லாம் பறந்தது. அதை எடுத்துவிட்டார்கள்.

"மாமா, வேர்க்காம வேலை செய்யக் கத்துக்குங்க" என்றான் மச்சினன்.

"நீ இத்தனை வருஷமா அப்படித்தான மாப்ள செய்யற" என்றார் அவர்.

கடைசியில் ஒரு நாள் கறைக்காரம்மா ஒரு மூட்டையைத் தூக்கி அவர் முன்னால் வைத்தார். தொழிற்சாலைச் சீருடைகள், அத்தனையும் கருநீலம். "இனிமே இதுதான் உங்களுக்கு. வெள்ளையைத் தம்பி போடட்டும்" என்றார். இஸ்திரிக்காரர் மூட்டையைப் பார்த்தார். அன்று சோற்றை இரண்டாம் முறை கேட்கவில்லை. பக்கத்தில் மச்சினன் டாக்டர் கோட்டுகளைச் சுருக்கத்தோடு மடித்து அடுக்குவதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே நீலத்தைத் தேய்த்தார். வியாதி வந்தபோதுகூட அந்த முகம் அப்படி வாடியதில்லை, அதை நான் சத்தியமாகச் சொல்வேன்.

இதற்கிடையில் கறைக்காரம்மா அந்த மஞ்சளின் குட்டை உடைத்துவிட்டார். சூடு பட்டால் அது குடியேறிவிடும், முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு ஒரு கை சோடா, பிறகு எலுமிச்சை, பிறகு நல்ல வெயில். மாடிக் கொடியில் புருஷனின் பனியன்களைக் காயப்போட்டு, பளிச்சென்று வெளுத்ததும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"பாருங்க மாடித் தம்பி. சைடு எஃபெக்ட்டு சைடு எஃபெக்ட்டுன்னு அந்த டாக்டரம்மா எவ்வளவு பயமுறுத்தினாங்க. ஒண்ணுமில்ல, எலுமிச்சம்பழத்துல போயிடுச்சு."

நானும் தலையாட்டினேன். அவ்வளவு வெளுப்பான பனியனைப் பார்த்தால் யாரும் தலையாட்டுவார்கள்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. தினமும் காலையில், துவைக்கும் முன்பு, முந்தைய நாள் பனியனை ஜன்னலில் பிடித்துப் பார்ப்பது அவர் வழக்கமாயிற்று. மஞ்சள் இருந்தால் புருஷன் மாத்திரை போட்டிருக்கிறார், மருந்து உள்ளே போய் வேலை செய்கிறது என்று கணக்கு. ஒரு நாள் பனியன் வெளுத்திருந்தது. மறுநாள் இன்னும் வெளுத்திருந்தது.

"மாத்திரையை ஜன்னலுக்கு வெளியே போடறீங்க" என்றார். கேள்வி இல்லை, தீர்ப்பு.

இஸ்திரிக்காரர் பெட்டியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். ஜன்னலுக்கு வெளியே போய்ப் பார்த்த மச்சினன் கை நிறைய மஞ்சள் பொத்தான்களோடு வந்தான். "மாமா, கோழி தின்னிருந்தா முட்டை முழுக்க மஞ்சளாப் போயிருக்கும்" என்றான்.

"நாலு நாள் போடாம இருந்தா வேர்வை வெளுத்துடும்" என்றார் இஸ்திரிக்காரர். "கோட்டெல்லாம் நான் போடலாம். இவன் காலரைக் கொலை பண்றான்."

அவர் பக்கமும் நியாயம் இருந்தது. ஆனால் நிறுத்திய மூன்றாம் நாளே வயிறு ஞாபகப்படுத்திவிட்டது. 'டக்' சத்தம் கேட்டது, நான் படியில் நின்றேன். அதன் பிறகு கறைக்காரம்மா விடவில்லை. வேளாவேளைக்கு மாத்திரையும் தண்ணீருமாக முன்னால் வந்து நிற்பார். வாயில் போட்டு, விழுங்கி, நாக்கை நீட்டிக் காட்டிய பிறகுதான் நகருவார். பனியன் மறுபடி மஞ்சளானது. கறைக்காரம்மாவுக்கு நிம்மதி வந்தது.

இந்த நேரத்தில்தான் இஸ்திரிக்காரர், தானாக வாயைத் திறந்து எதையும் சொல்லாத மனுஷன், ஒன்றைச் சொன்னார்.

"தொண்டை வலிக்குது. முழுங்க முடியல."

"நொண்டிச் சாக்கு" என்றார் கறைக்காரம்மா. "ஜன்னலுக்கு வெளியே போடும்போது தொண்டை வலிக்கல. வெந்நீர் தர்றேன், முழுங்குங்க."

முழுங்கினார். மறுநாள் என்னிடம் வந்து, "மாடித் தம்பி, முள்ளை முழுங்குற மாதிரி இருக்கு" என்றார். நான் அக்காவிடம் போய்ச் சொன்னேன்.

"காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் ஆவியில நிக்கிறவருக்குத் தொண்டை கட்டாம என்ன பண்ணும்? பாய்லரைக் கேட்டா அதுவும் தொண்டை வலிக்குதுன்னுதான் சொல்லும்" என்றார். பேச்சு சரியாகத்தான் பட்டது. வாயில் புண் வந்தபோது, உடம்புச் சூடு என்று மச்சினன் மருத்துவம் சொன்னான். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற வீட்டில் நாலாவது காலை யார் போய்க் காட்டுவது.

அன்றைய பனியன் எல்லாவற்றையும்விட அடர்த்தியான மஞ்சள். முன்னும் பின்னும் முழுக்க நனைந்திருந்தது. கறைக்காரம்மா அதைத் தம்பிக்கும் எனக்கும் பெருமையாகப் பிடித்துக் காட்டினார்.

"இன்னைக்குத்தான்டா மருந்து நல்லா வேலை செய்யுது. பனியன் பொய் சொல்லாது."

பனியன் பொய் சொல்லவில்லைதான். அது வேறு எதையோ சொல்லிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் நான் டீ டம்ளரோடு படியில் உட்கார்ந்திருந்தேன். டிரம் ஓடத் தொடங்கியும் மேஜைப் பக்கம் சத்தமில்லை. உள்ளே போய் எழுப்பிய கறைக்காரம்மா, புருஷனை ஒரு பக்கம் புரட்டிவிட்டு விரிப்பை உருவிக்கொண்டு வெளியே வந்தார். எப்போதும்போல அதை வெளிச்சத்தில் பிடித்தார். விரிப்பில் ஒரு முழு ஆள் மஞ்சளாகப் படுத்திருந்தான். தலை, தோள், முதுகு, தொடை, குதிகால் வரை.

"தம்பி, இது இஸ்திரி வேர்வை இல்ல" என்றார். யாரிடம் சொல்கிறார் என்று தெரியவில்லை. "மேஜையில நிக்கிறவருக்கு நெத்தி, கழுத்து, கக்கம், அவ்வளவுதான் வேர்க்கும். குதிகால் எப்படி வேர்க்கும்? விடுதியில காய்ச்சல்ல படுத்தவங்க விரிப்பு இப்படித்தான் வரும்."

அப்படியே நின்றார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். எங்கோ அடியில் போய்க் கிடந்ததெல்லாம் ஒவ்வொன்றாக மேலே வருவது தெரிந்தது.

"டாக்டரம்மா காய்ச்சல்னு என்னமோ சொன்னாங்க" என்றார். "தொண்டைன்னும் சொன்னாங்க. வாய்னும் சொன்னாங்க. ஐயோ, எல்லாத்தையும் சொன்னாங்க தம்பி." விரிப்போடு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மச்சினன் வேனைக் கொண்டுவந்தான். விடுதிக்குப் போக வேண்டிய வெளுத்த துணி அதில் அடுக்கியிருந்தது, இறக்க நேரமில்லை. நானும் அவனும் இஸ்திரிக்காரரைத் தூக்கி உள்ளே படுக்கவைத்தோம். உடம்பு பாய்லராகக் கொதித்தது. கண்ணைத் திறந்து கீழே என்ன இருக்கிறது என்று பார்த்தார்.

"வெள்ளை மேல போடாதீங்க" என்றார், குரலே வரவில்லை. "மஞ்சளாயிடும். மேனேஜர் ஏதாவது சொல்லுவார்."

"மேனேஜர் கிடக்கிறார்" என்றார் கறைக்காரம்மா. மடிப்புக் கலையாத நாலு விரிப்புகளை உருவி அவர் தலைக்கு வைத்தார். இன்னொன்றால் முகத்தைத் துடைத்தார். வெள்ளைத் துணியை அந்த அம்மாள் அப்படிக் கசக்கி நான் பார்த்ததே இல்லை.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் டாக்டரம்மா வேகமாக நடந்து வந்தார்.

"எவ்வளவு நாளா தொண்டைவலி?"

"அஞ்சாறு நாளா" என்றான் மச்சினன்.

"மாத்திரையை எப்ப நிறுத்தினீங்க?"

மச்சினன் அக்காவைப் பார்த்தான். பிறகு கறைக்காரம்மா, "நிறுத்தலைங்க. நேத்து ராத்திரிகூட நான்தான் குடுத்தேன்" என்றார்.

"அம்மா, நான் என்ன சொல்லி அனுப்பினேன்? பக்க விளைவு பத்தி அவ்வளவு தெளிவாச் சொன்னேனே."

"மஞ்சள் வரும்னு சொன்னீங்க. அதை எலுமிச்சம்பழம் போட்டு எடுத்துட்டோம் டாக்டரம்மா."

டாக்டரம்மா கையிலிருந்த ரிப்போர்ட்டை இறக்கினார். எத்தனையோ பதில் கேட்டிருப்பார், எலுமிச்சம்பழத்தைக் கேட்டிருக்கமாட்டார். பிறகு நிதானமாகச் சொன்னார். நோயை எதிர்க்கிற வெள்ளை அணுக்கள் அவர் ரத்தத்தில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அந்த மாத்திரை சிலருக்கு இப்படிச் செய்யும். ஒரு சின்னக் கிருமி போதும், தாங்கமாட்டார். தனி அறையில் வைத்து ஊசி போடப்போகிறோம், அணுக்கள் திரும்ப வரவேண்டும், வரும் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் இப்போது எதுவும் சொல்ல முடியாது.

"வெள்ளைதான் வேணும்னு அடம்பிடிச்ச மனுஷனுக்கு உள்ள வெள்ளையே இல்லாமப் போச்சா" என்றான் மச்சினன். வாய்ப் பழக்கத்தில் வந்துவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. சொன்ன அவனும் சிரிக்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

அறைக்கு வெளியே ஒரு நீள பெஞ்சு. கறைக்காரம்மா அதில்தான் இருந்தார். நான் வேலை முடிந்து போனாலும், காலையில் போனாலும் அதே இடம். கண்ணாடிச் சதுரத்தின் வழியாக உள்ளே பார்க்கலாம், பேச முடியாது.

"வேணாம்னு சொன்ன மனுஷன் வாயைத் திறக்கவச்சுப் போட்டேன் தம்பி" என்றார் ஒருமுறை. "ஆயுசுல ஒரே ஒரு தடவை தானா வந்து வலிக்குதுன்னு சொன்னார். நான் பனியனைத்தான் நம்பினேன்."

நான் டீ வாங்கிவந்து கொடுத்தேன்.

நர்ஸிடம் தினமும் ஒரு தொந்தரவு. உள்ளேயிருந்து அவர் கழற்றிய ஆஸ்பத்திரிச் சட்டையை ஒருமுறை காட்டச் சொல்லுவார். "அம்மா, அது அழுக்கும்மா, சலவைக்குப் போகணும்" என்பாள் அவள். "நான் சலவைக்காரிதான்மா" என்பார். முதலில் மறுத்தவள் பிறகு பாவம் பார்த்துக் கையுறையோடு தூக்கிப் பிடித்துக் காட்டினாள். மஞ்சள் குறைந்துகொண்டே வந்தது. மருந்து உடம்பைவிட்டு இறங்குகிறது என்பது மட்டும் அவருக்குப் புரிந்தது. உயிர் இறங்குகிறதா ஏறுகிறதா என்று சட்டையில் தெரியவில்லை. கடைசியாக அந்தச் சட்டை சுத்த வெள்ளையாக வந்த அன்று, அத்தனை நாள் அடக்கியிருந்ததெல்லாம் சேர்த்து அழுதார். கறையே இல்லாத துணியைப் பார்த்து அவருக்கு என்ன படிப்பது என்று தெரியவில்லை.

டாக்டரம்மா அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டு வந்தார். முகமூடியை இறக்கினார்.

"அழாதீங்க. காய்ச்சல் விட்டுடுச்சு, அணுக்களும் ஏறுது. பிழைச்சுட்டார்" என்றார். பிறகு தன் கோட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டார். "கண்ணைத் திறந்ததும் என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். கிட்டப் போய்க் கேட்டா, 'காலர்ல ரெண்டு மடிப்பு விழுந்திருக்கு, இது மாப்ள போட்டது'ங்கறார்."

"என் இஸ்திரியை என்னைக்கு ஒத்துக்கிட்டார் அவர்" என்றான் மச்சினன். சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டு விம்மி விம்மி அழுதான். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

வீட்டுக்கு அனுப்புகிற நாளில் டாக்டரம்மாவின் அறையில் நாங்கள் அத்தனை பேரும் போய் உட்கார்ந்தோம். வாடகைக்காரன் எதற்கு என்று டாக்டரம்மா கேட்கவில்லை. ஆளுக்கொரு காதாவது இருக்கட்டும் என்று கறைக்காரம்மாதான் கூட்டிவந்தார். பழைய மாத்திரை இனி ஆயுசுக்கும் கூடாது, வேறு மாத்திரை. அதன் பக்க விளைவுகளை டாக்டரம்மா ஒவ்வொன்றாகச் சொன்னார். கறைக்காரம்மா ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லச் சொன்னார். பிறகு எங்களைச் சொல்லச் சொன்னார். மச்சினன் சிறுநீரகத்தை விட்டுவிட்டான், திட்டு வாங்கினான்.

"இந்த மாத்திரையில கலர் மாறுமா?" என்று கேட்டார் கடைசியில்.

"மாறாது. வேர்வையெல்லாம் எப்பவும் போலத்தான் இருக்கும்."

நிம்மதிப்படுவார் என்று பார்த்தால் அந்த அம்மாளுக்குக் கவலை வந்துவிட்டது. "அப்ப அவருக்கு ஒண்ணுன்னா நான் எதை வச்சுக் கண்டுபிடிக்கிறது?"

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். "அவரைக் கேளுங்க" என்றார்.

கறைக்காரம்மா பக்கத்து நாற்காலியில் இருந்த புருஷனைத் திரும்பிப் பார்த்தார். அப்படி ஒரு வழி இருப்பது இத்தனை வருஷம் அவருக்குத் தோன்றவே இல்லை.

உடம்பு தேறி அவர் மேஜைக்கு வந்த முதல் நாள் காலை. முன்னால் வெள்ளை விரிப்புகள். நீல மூட்டை மச்சினன் பக்கம் போய்விட்டது. நான் டீ டம்ளரோடு படியில் இறங்கிக்கொண்டிருந்தேன். கறைக்காரம்மா கொடியிலிருந்து பனியனை எடுத்தார், பழக்கம் விடவில்லை, ஜன்னலில் பிடித்தார். வெள்ளை. திருப்பிப் பார்த்தார், முகர்ந்தார். பிறகு அதைக் கையில் சுருட்டிக்கொண்டு மேஜைக்கு எதிரே வந்து நின்றார்.

"ஏங்க" என்றார். தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "உங்களுக்கு இப்ப எப்படி இருக்கு?"

இஸ்திரிக்காரர் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. அம்மாளைப் பார்த்தார். பிறகு 'டக்' என்று பெட்டியை நிமிர்த்தி வைத்தார். நான் பழக்கதோஷத்தில் படியிலேயே நின்றுவிட்டேன். ஆனால் அவர் ஓடவில்லை. ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"தொண்டை தேவலாம்" என்றார். "முழங்கால்தான் ஒரு மாதிரி. அது இன்னைக்கு நேத்து வந்ததில்ல. அப்புறம் அந்த நீலச் சீருடை குடுத்த பாரு, அது எனக்குப் பிடிக்கல. இவன் குறட்டை வேற. கல்யாணம் ஆன புதுசுல நீ வச்ச குழம்புல உப்பே இருக்காது, அதுவும் நான் சொன்னதில்ல."

மச்சினன் ஓடுகிற டிரம்மை நிறுத்திவிட்டு வந்து நின்று கேட்டான். நான் டீயைக் குடித்து முடித்து, டம்ளரைக் கழுவிவைத்துவிட்டு வேலைக்குப் போனேன். சாயங்காலம் திரும்பி வந்தபோது விடுதி மேனேஜர் தன் விரிப்புகளுக்காக வாசலில் காத்துக்கொண்டிருந்தார். உள்ளே இஸ்திரிக்காரர் கல்யாணம் ஆன மூன்றாவது வருஷத்துக்கு வந்திருந்தார். கறைக்காரம்மா பனியனை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.